பேரளவு உயிர்ச்சத்து சி

பேரளவு உயிர்ச்சத்து சி என்பது, உடலின் அன்றாடத் தேவையைப் போலப் பத்து மடங்கு முதல் நூறு மடங்குக்கும் மேலான அளவில் உயிர்ச்சத்து சி-யை (அஸ்கோர்பிக் அமிலம்) மாத்திரையாகவோ, தூளாகவோ, ஊசி வழியாகவோ உட்கொள்ளும் வழக்கத்தைக் குறிக்கும். இவ்வாறு உட்கொண்டால் தடிமன் (ஜலதோஷம்), புற்றுநோய், இதயநோய் முதலிய பல நோய்களைத் தடுக்கலாம் அல்லது குணப்படுத்தலாம் என்ற கருத்து, 1970 ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் எழுதிய நூலின் மூலம் உலகெங்கும் பரவியது. இக்கூற்றுகளைச் சோதிக்கக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. ஸ்கர்வி நோயைக் குணப்படுத்துவதைத் தவிர, இச்சத்து எந்தப் பெருநோயையும் தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இவற்றில் கிடைக்கவில்லை.

உணவுக் குறைநிரப்பிகள் (சத்து மாத்திரைகள்) குறித்த அற்புதக் கூற்றுகள் எவ்வாறு தோன்றுகின்றன, எவ்வாறு பரவுகின்றன, எவ்வாறு சோதிக்கப்படுகின்றன என்பதற்கு இது மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

உயிர்ச்சத்து சி நீரில் கரையும் ஓர் உயிர்ச்சத்து ஆகும். தோல், எலும்பு, இரத்தக் குழாய், பல் ஈறு ஆகியவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் கொலாஜன் என்னும் புரதம் சரியாக உருவாக இது தேவை. உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சவும் இது உதவுகிறது. பெரும்பாலான விலங்குகள் குளுக்கோசிலிருந்து இச்சத்தைத் தம் உடலிலேயே தயாரித்துக் கொள்கின்றன. மனிதன், குரங்குகள், கினிப் பன்றி போன்ற சில உயிரினங்களில் இத்தயாரிப்பின் கடைசிப் படிக்குத் தேவையான நொதியம் செயல்படுவதில்லை. ஆகவே மனிதர்கள் இச்சத்தை உணவிலிருந்தே பெற வேண்டும்.

இச்சத்து நீண்ட நாள் கிடைக்காதபோது ஸ்கர்வி நோய் உண்டாகிறது. ஈறுகளில் இரத்தம் வடிதல், பற்கள் ஆடி விழுதல், ஆறிய புண்கள் மீண்டும் திறத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் மரணம் நேரும். பல மாதங்கள் கடலில் இருந்த மாலுமிகள் பெரும் எண்ணிக்கையில் இந்நோயால் இறந்தனர். 1747 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், சாலிசுபரி என்ற கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்ற இருவர் மட்டும் சில நாட்களிலேயே தேறினர். மருத்துவ வரலாற்றில் ஒப்பீட்டுச் சோதனைக்கு முன்னோடியாக இது போற்றப்படுகிறது. லிண்ட் தம் நூலை 1753 இல் வெளியிட்டார். ஆயினும் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795 இல்தான்.

1928 ஆம் ஆண்டில் அங்கேரிய அறிவியலாளர் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி இச்சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். இதுவே ஸ்கர்வியைத் தடுக்கும் பொருள் என்பது 1932 இல் உறுதியானது. 1933 இல் ததேயஸ் ரைக்ஸ்டைன் இதனைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டறிந்தார். அதன் பின்னர் தொழிற்சாலைகளில் மலிவாக உற்பத்தி செய்ய முடிந்தது. விலை மலிவும், சிறிய அளவில் உயிர் காக்கும் ஆற்றலும் சேர்ந்தே "கூடுதலாக உண்டால் கூடுதல் நன்மை" என்ற எண்ணத்துக்கு இடமளித்தன.

தேவையான அளவும் உடல் ஏற்கும் அளவும்

ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி இருந்தாலே ஸ்கர்வி வராமல் தடுக்கலாம். இதற்கு மேல் ஓரளவு இருப்பு வேண்டும் என்பதால் நாடுகள் சற்றுக் கூடுதலான அளவைப் பரிந்துரைக்கின்றன. வளர்ந்தோருக்கான நாளொன்றுக்குரிய பரிந்துரைகள் சில:

உலக சுகாதார நிறுவனம்: 45 மில்லிகிராம்
ஐக்கிய இராச்சியம்: 40 மில்லிகிராம்
இந்தியா (2020): ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம்
ஐக்கிய அமெரிக்கா (2000): ஆண்களுக்கு 90 மில்லிகிராம், பெண்களுக்கு 75 மில்லிகிராம், புகை பிடிப்போருக்கு மேலும் 35 மில்லிகிராம்

அமெரிக்காவில் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் (2 கிராம்) என்பது தாண்டக் கூடாத மேல் எல்லையாக வகுக்கப்பட்டுள்ளது. பேரளவுப் பயன்பாட்டை ஆதரிப்போர் பொதுவாக 1 கிராம் முதல் 10 கிராம் வரையும், சிலர் அதற்கும் மேலும் பரிந்துரைக்கின்றனர்.

வாய் வழியாக உட்கொள்ளும் அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும், இரத்தத்தில் இச்சத்தின் அளவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த மார்க் லெவைன் குழுவினர், நலமான தன்னார்வலர்களை மருத்துவமனையிலேயே மாதக் கணக்கில் தங்கவைத்து இதனை அளந்து, 1996 இல் முடிவுகளை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அளவிலேயே வெள்ளை அணுக்கள் நிறைவுற்றன. சில நூறு மில்லிகிராமுக்கு மேல் இரத்த நீர்மத்தின் அளவும் ஏறக்குறைய நிலைத்து நின்றது. மிதமான அளவில் உண்டால் குடல் 70 முதல் 90 விழுக்காட்டை உறிஞ்சுகிறது. 1 கிராமுக்கு மேல் உண்டால் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சப்பட்டதிலும் மிகையானதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழிந்தோடுவதைப் போன்றது இது.

கருத்தின் தோற்றம்

பேரளவுச் சிகிச்சையை முதலில் வலியுறுத்தியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த மருத்துவர் பிரெடரிக் கிளென்னர் ஆவார். இளம்பிள்ளை வாதம் கண்ட நோயாளிகள் பலர் உயிர்ச்சத்து சி ஊசியால் குணமடைந்தனர் என 1949 இல் எழுதினார். அச்சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு எதுவும் அவரிடம் இல்லை. இளம்பிள்ளை வாதக் கிருமி தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் எச்சிகிச்சையும் இன்றியே தேறிவிடுவர் என்பதால், இவ்வறிக்கையிலிருந்து முடிவு எதுவும் எடுக்க இயலாது.

இர்வின் ஸ்டோன் என்ற வேதியியலாளர், மனிதரால் இச்சத்தைத் தயாரிக்க இயலாமை ஒரு பரம்பரை நோய் என்றும், பிற விலங்குகள் தயாரிக்கும் அளவுக்கு இணையாக மனிதரும் நாள்தோறும் கிராம் கணக்கில் உண்ண வேண்டும் என்றும் வாதிட்டார். 1966 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் லைனஸ் பாலிங் ஆற்றிய உரையில், அறிவியலின் வளர்ச்சியைக் காண மேலும் பல ஆண்டுகள் வாழ விரும்புவதாகக் கூறினார். அதைக் கேட்டிருந்த ஸ்டோன், நாளொன்றுக்கு 3 கிராம் உயிர்ச்சத்து சி உண்ணுமாறு அவருக்குக் கடிதம் எழுதினார். பாலிங்கும் அவர் மனைவியும் அவ்வாறே உண்டனர். முன்பு அடிக்கடி வந்த தடிமன் குறைந்துவிட்டது என்று பாலிங் உணர்ந்தார்.

பாலிங் சாதாரண மனிதர் அல்லர். வேதிப்பிணைப்பின் தன்மையை விளக்கியதற்காக 1954 இல் வேதியியலுக்கான நோபல் பரிசையும், அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்ததற்காக 1962 ஆம் ஆண்டுக்கான அமைதிப் பரிசையும் பெற்றவர். எவருடனும் பகிர்ந்து கொள்ளாமல் இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்றவர் அவர் ஒருவரே. அவர் 1970 இல் வெளியிட்ட உயிர்ச்சத்து சி-யும் தடிமனும் பற்றிய நூல் பெரும் விற்பனை கண்டது. உயிர்ச்சத்து சி மாத்திரைகளின் விற்பனையும் வேகமாக உயர்ந்தது. வேதியியலில் அவருக்கு இருந்த மதிப்பை மருத்துவக் கூற்றுக்கும் சான்றாக மக்கள் எடுத்துக்கொண்டனர். 1973 இல் இத்துறை ஆய்வுக்கெனக் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனத்தையும் பாலிங் தொடங்கினார்.

தடிமன் குறித்த ஆய்வுகள்

தடிமன் சில நாட்களில் தானாகவே குணமாகும் நோய். எனவே எந்த மருந்தை உண்டாலும் அதன் பிறகு குணம் ஏற்படும். மருந்தின் பயனை அறிய, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றொரு குழுவுக்கு அதே தோற்றமுடைய மருந்துப்போலியும் தர வேண்டும். யார் எக்குழுவில் சேர்வது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற சமவாய்ப்பு முறையில் தீர்மானிக்க வேண்டும். யாருக்கு எது தரப்பட்டது என்பது பங்கேற்பாளருக்கும் மருத்துவருக்கும் தெரியாதிருக்க வேண்டும்.

கனடாவின் டொராண்டோ நகரில் டெரன்ஸ் ஆண்டர்சன் குழுவினர் 818 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1972 இல் வெளியானது. தடிமன் வரும் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நோயால் வீட்டில் முடங்கிய நாட்கள் சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தன. அக்குழுவே பின்னர் நடத்திய ஆய்வுகளில் பயன் இதைவிடச் சிறிதாகவே தென்பட்டது.

1975 இல் வெளியான மற்றோர் ஆய்வு, சோதனை முறை குறித்த ஒரு பாடமாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஊழியர் 311 பேர் இதில் சேர்ந்தனர். ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் உயிர்ச்சத்து சி-யும், மறு சாராருக்குப் பால் சர்க்கரை (லாக்டோசு) அடைத்த உறைகளும் தரப்பட்டன. உயிர்ச்சத்து பெற்றோரின் தடிமன் சற்று விரைவில் நீங்கியது போல் தோன்றியது. ஆனால் பங்கேற்றவர்களில் பலர் உறையைப் பிரித்து நாவில் வைத்துப் பார்த்திருந்தனர். அஸ்கோர்பிக் அமிலம் புளிக்கும். பால் சர்க்கரை இலேசாக இனிக்கும். தாம் உண்பது எது என அறியாதவர்களை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டபோது வேறுபாடு மறைந்துவிட்டது. மருந்து உண்கிறோம் என்ற நம்பிக்கையே நோயின் கடுமையைக் குறைவாக உணரச் செய்யும் என்பதை இது காட்டியது.

இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு வெளியிட்ட 2013 ஆம் ஆண்டு மதிப்பாய்வின் முடிவுகள் பின்வருமாறு:

நாள்தோறும் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ உண்ட பொதுமக்களுக்குத் தடிமன் வருவது குறையவில்லை (29 ஒப்பீடுகள், 11,306 பேர்).
மாரத்தான் ஓட்டக்காரர், பனிச்சறுக்கு வீரர், கடுங்குளிரில் பயிற்சி பெற்ற படைவீரர் ஆகிய 598 பேரைக் கொண்ட ஐந்து சோதனைகளில் தடிமன் வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியானது.
நாள்தோறும் உண்டு வந்தவர்களுக்குத் தடிமன் நீடிக்கும் காலம் வளர்ந்தோரில் சுமார் 8 விழுக்காடும், சிறுவரில் சுமார் 14 விழுக்காடும் குறைந்தது.
தடிமன் தொடங்கிய பிறகு உண்ணத் தொடங்கியவர்களுக்கு உறுதியான பயன் காணப்படவில்லை.

ஏழு நாள் நீடிக்கும் தடிமனில் 8 விழுக்காடு என்பது சுமார் அரை நாள் ஆகும். இச்சிறு பயனைப் பெற ஆண்டு முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும். தும்மல் தொடங்கியதும் மாத்திரை வாங்கும் பரவலான வழக்கத்துக்கு இம்மதிப்பாய்வில் ஆதரவு இல்லை. எனினும் பாலிங்கின் கருத்து முற்றிலும் வெறும் கற்பனை என்றும் சொல்ல முடியாது. சிறிய பயன் ஒன்று பேரற்புதமாக விரித்துரைக்கப்பட்டது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

புற்றுநோய் குறித்த ஆய்வுகள்

ஸ்காட்லாந்தின் வேல் ஆப் லெவன் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் யூவன் கேமரன், முற்றிய நிலையில் இருந்த புற்றுநோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் உயிர்ச்சத்து சி கொடுத்து வந்தார். அவரும் பாலிங்கும் 1976 இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்வாறு சிகிச்சை பெற்ற 100 பேர், பெறாத 1,000 பேரைவிடச் சராசரியாக நான்கு மடங்குக்கு மேல் நீண்ட காலம் வாழ்ந்தனர் எனக் கூறினர்.

அந்த 1,000 பேர் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். மருத்துவமனையின் பழைய பதிவேடுகளிலிருந்து பின்னர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். "இனிச் சிகிச்சை பயன்படாது" என்று ஒரு நோயாளி குறித்து முடிவு செய்த நாளிலிருந்தே அவரது வாழ்நாள் எண்ணப்பட்டது. அம்முடிவு ஒரு குழுவில் நோயின் சற்று முந்தைய கட்டத்திலும், மற்றொன்றில் இறுதிக் கட்டத்திலும் எடுக்கப்பட்டிருந்தால், மருந்து எதுவும் வேலை செய்யாமலேயே முதல் குழு நீண்ட நாள் வாழ்ந்ததாகத் தோன்றும். இக்குறையைத் திறனாய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

இதனை முறையாகச் சோதிக்க மேயோ மருத்துவ நிலையம் இரண்டு ஆய்வுகளை நடத்தியது. 1979 இல் வெளியான முதல் ஆய்வில் 150 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். நாளொன்றுக்கு 10 கிராம் பெற்றவர்களுக்கும் மருந்துப்போலி பெற்றவர்களுக்கும் இடையே வாழ்நாளில் வேறுபாடு இல்லை. முன்னரே பெற்ற வேதிச்சிகிச்சையால் அந்நோயாளிகளின் எதிர்ப்பாற்றல் கெட்டிருந்தது என்று பாலிங் மறுத்தார். எனவே வேதிச்சிகிச்சை பெறாத, முற்றிய பெருங்குடற் புற்றுநோயாளிகள் 100 பேரிடம் இரண்டாம் ஆய்வு நடந்து 1985 இல் வெளியானது. முடிவு மாறவில்லை. நோய் முற்றியபோது மாத்திரையை நிறுத்தியது தவறு எனப் பாலிங் இதனையும் ஏற்க மறுத்தார்.

பின்னாளில், சிரை வழியாக ஊசியில் செலுத்தினால் வாய் வழியாக அடைய முடியாத, பல பத்து மடங்கு உயர்ந்த அளவை இரத்தத்தில் எட்டலாம் என்று லெவைன் குழுவினர் காட்டினர். கேமரன் தம் நோயாளிகளுக்குத் தொடக்கத்தில் ஊசி வழியாகவும் கொடுத்திருந்ததால், இவ்வழி குறித்த ஆய்வுகள் மீண்டும் தொடங்கின. இவை வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்து மேற்கொள்ளப்படும் ஆய்வுகள் ஆகும். வழக்கமான சிகிச்சைக்கு மாற்றாக இது அமையும் என்பதற்குச் சான்று இல்லை.

ஆக்சிசனேற்ற எதிர்ப்பிக் கருதுகோள்

1980களிலும் 1990களிலும் பேரளவுப் பயன்பாட்டுக்குப் புதிய விளக்கம் ஒன்று தரப்பட்டது. உயிரணுக்களைச் சிதைக்கும் தனியுறுப்புகளை உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து ஈ, பீட்டா கரோட்டின் போன்ற ஆக்சிசனேற்ற எதிர்ப்பிகள் அடக்குகின்றன. ஆகவே இவற்றை மாத்திரையாக உண்டால் புற்றுநோயும் இதயநோயும் குறையும் என்பது அவ்விளக்கம். காய்கனிகளை மிகுதியாக உண்போரிடம் இந்நோய்கள் குறைவு என்ற கணிப்புகளும் இதற்கு வலுச் சேர்த்தன.

பெரும் சோதனைகள் எதிர்பாராத விடையை அளித்தன. பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994 இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் புகை பிடிப்போர், பிடித்து விட்டோர், கல்நார்த் தொழிலாளர் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினும் உயிர்ச்சத்து ஏ-யும் கொடுத்து நடந்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும் மரணங்கள் 17 விழுக்காடும் கூடியதால், அது 1996 சனவரியில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. உயிர்ச்சத்து சி-யைப் பொறுத்தவரை, 14,641 ஆண் மருத்துவர்களைச் சுமார் எட்டு ஆண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் உண்டதால் இதயநோயோ புற்றுநோயோ குறையவில்லை.

காய்கனி உண்போர் பொதுவாகப் புகை பிடிப்பது குறைவு. உடற்பயிற்சியும் வருமானமும் கூடுதல். காய்கனிகளில் நார்ச்சத்து முதலிய வேறு பல பொருட்களும் உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினால் அதே நன்மை கிடைக்கும் என்ற அனுமானம் தவறாயிற்று.

குருதி நச்சுப்பாடும் கோவிட்-19 நோயும்

2017 இல் அமெரிக்க மருத்துவர் பால் மாரிக் குழுவினர், கடும் நோய்த்தொற்றால் உண்டாகும் குருதி நச்சுப்பாட்டுக்கு (செப்சிசு) உயிர்ச்சத்து சி ஊசியுடன் வேறு இரு மருந்துகளைச் சேர்த்து 47 பேருக்குக் கொடுத்ததில், இறப்பு விகிதம் 40.4 விழுக்காட்டிலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தது என அறிவித்தனர். ஒப்பிடப்பட்ட 47 பேரும் அதற்கு முந்தைய மாதங்களில் சிகிச்சை பெற்றவர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேமரன் ஆய்வில் இருந்த அதே குறை இங்கும் இருந்தது. 2020 இல் வெளியான சமவாய்ப்புச் சோதனையில் இக்கூட்டு மருந்தால் பயன் காணப்படவில்லை. 2022 இல் வெளியான, 872 பேரைக் கொண்ட சோதனையில் உயிர்ச்சத்து சி பெற்றவர்களில் 44.5 விழுக்காட்டினர் 28 நாட்களுக்குள் இறந்தனர் அல்லது உறுப்புச் செயலிழப்புடன் இருந்தனர். மருந்துப்போலி பெற்றவர்களில் இது 38.5 விழுக்காடு.

கோவிட்-19 பெருந்தொற்றின்போது உயிர்ச்சத்து சி மாத்திரைகளும் ஊசிகளும் அந்நோய்க்கு மருந்து என விளம்பரப்படுத்தப்பட்டன. 2020 இல் அமெரிக்க அரசு அமைப்புகள் இத்தகைய விற்பனையாளர் பலருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. வீட்டில் இருந்தே சிகிச்சை பெற்ற 214 நோயாளிகளிடம் 8 கிராம் உயிர்ச்சத்து சி, துத்தநாகம் ஆகியவற்றைச் சோதித்த ஆய்வு, பயன் தென்படாததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டு 2021 இல் வெளியிடப்பட்டது.

தென்னாப்பிரிக்க நிகழ்வு

சத்து மாத்திரை உண்பதால் நேரடித் தீங்கு குறைவு என்றாலும், உயிர் காக்கும் மருந்துக்குப் பதிலாக அதை உண்ணும்போது தீங்கு பெரிதாகிறது. முன்பு பாலிங்குடன் பணியாற்றிய செருமானிய மருத்துவர் மத்தியாஸ் ராத், 2000களின் நடுப்பகுதியில் தென்னாப்பிரிக்காவில் தம் நிறுவனத்தின் உயிர்ச்சத்து மாத்திரைகள் எய்ட்சு நோயைக் கட்டுப்படுத்தும் என்றும், எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துகள் நஞ்சு என்றும் விளம்பரம் செய்தார். கேப் டவுன் நகரின் புறத்தே ஏழை மக்கள் வாழும் கயலிட்சா பகுதியில் இம்மாத்திரைகள் நோயாளிகளுக்கு வழங்கப்பட்டன. அப்போது அந்நாட்டில் பல இலட்சம் மக்கள் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்தனர், எதிர்ப்பு மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் அப்போதுதான் கிடைக்கத் தொடங்கியிருந்தன.

தான்சானியாவில் நடந்த ஓர் ஆய்வு தம் கூற்றை மெய்ப்பிப்பதாக ராத் தரப்பு கூறியது. எச்.ஐ.வி. தொற்றிய பெண்களுக்குப் பல்லுயிர்ச்சத்து மாத்திரைகள் ஓரளவு உதவின என்பதே அவ்வாய்வின் முடிவு. அவை எதிர்ப்பு மருந்துக்கு மாற்று அல்ல என அதை நடத்திய ஆர்வர்டு ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தினர். 2005 இல் உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் இவ்விளம்பரங்களைக் கண்டித்தன. சிகிச்சை உரிமைக்காகப் போராடிய நோயாளர் அமைப்பும் தென்னாப்பிரிக்க மருத்துவர் சங்கமும் தொடுத்த வழக்கில், 2008 சூன் மாதம் கேப் உயர் நீதிமன்றம் இச்சோதனைகள் சட்டத்துக்குப் புறம்பானவை எனத் தீர்ப்பளித்து, அவற்றையும் தொடர்புடைய விளம்பரங்களையும் தடை செய்தது.

பக்க விளைவுகள்

மிகையான அளவு நீரில் கரைந்து வெளியேறிவிடுவதால் உயிர்ச்சத்து சி-யின் நச்சுத்தன்மை குறைவு. எனினும் பேரளவில் பின்வரும் தீங்குகள் அறியப்பட்டுள்ளன:

வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, குமட்டல். உறிஞ்சப்படாத பகுதி குடலில் நீரை ஈர்ப்பதே இதற்குக் காரணம்.
சிறுநீரகக் கல். அஸ்கோர்பிக் அமிலத்தின் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட்டாக மாறுகிறது. சுவீடனில் 2013 இல் வெளியான ஆய்வில், இம்மாத்திரை உண்ட ஆண்களிடம் சிறுநீரகக் கல் ஏற்படுவது ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.
இரும்புச் சத்து உடலில் மிகையாகத் தேங்கும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு அத்தேக்கம் மேலும் கூடக்கூடும்.
ஜி6பிடி நொதியக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஊசி வழியாகப் பேரளவில் செலுத்தினால் சிவப்பணுக்கள் சிதையலாம்.
பேரளவு ஊசி பெற்றவர்களின் இரத்தச் சர்க்கரையைச் சிலவகைக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நீரிழிவு நோயாளிகளுக்கு இது ஆபத்தானது.

சட்டமும் விளம்பரமும்

அமெரிக்காவில் உயிர்ச்சத்து மாத்திரைகளின் வீரியத்துக்கு எல்லை வகுக்க உணவு மருந்து நிருவாகம் முயன்றபோது, நாடாளுமன்றம் 1976 இல் திருத்தம் ஒன்றின் மூலம் அவ்வதிகாரத்தைக் கட்டுப்படுத்தியது. 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உணவுக் குறைநிரப்பிகளை விற்பனைக்குக் கொண்டு வருமுன் அவற்றின் பயனை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நோயைக் குணப்படுத்தும் என்று எழுதக் கூடாது. உடலின் இயல்பான செயற்பாட்டுக்குத் துணை செய்யும் என்று எழுதலாம்.

"நோய் எதிர்ப்பாற்றலுக்குத் துணை புரிகிறது" என்ற சொற்றொடர் இவ்விடைவெளியில் பிறந்தது. இச்சத்து அறவே இல்லாவிடில் எதிர்ப்பாற்றல் குன்றும் என்பதால் அச்சொற்றொடர் பொய்யன்று. ஆனால் போதிய சத்து உள்ள ஒருவர் மேலும் உண்டால் எதிர்ப்பாற்றல் மேலும் வளரும் என்று வாங்குவோர் பொருள் கொள்கின்றனர்.

இந்தியாவில் 1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், புற்றுநோய், நீரிழிவு முதலிய பட்டியலிடப்பட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி, சத்து மாத்திரைகளின் உறையில் அவை மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிடப்பட வேண்டும்.

கூற்றுகளை மதிப்பிடுதல்

இவ்வரலாற்றிலிருந்து, சத்து மாத்திரை பற்றிய எந்தக் கூற்றையும் எதிர்கொள்ளும்போது கேட்கத்தக்க கேள்விகள் சில கிடைக்கின்றன:

குணமடைந்தவர்கள், அம்மாத்திரையை உண்ணாத, மற்ற எல்லா வகையிலும் ஒத்த குழுவுடன் ஒப்பிடப்பட்டார்களா?
யார் எதை உண்டார் என்பது ஆய்வின் இறுதி வரை மறைக்கப்பட்டிருந்ததா?
வேறு ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்தபோது அதே முடிவு கிடைத்ததா?
குறைபாட்டைப் போக்கும் பயனை, குறைபாடே இல்லாதவருக்கும் உரிய பயனாகக் காட்டுகிறார்களா?
ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல நோய்களுக்கு ஒரே மருந்து எனக் கூறுகிறார்களா?
மருத்துவர் தரும் சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறார்களா?

உணவில் உயிர்ச்சத்து சி

நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, தோடை, பப்பாளி, முருங்கைக்கீரை, குடைமிளகாய், தக்காளி ஆகியவற்றில் இச்சத்து உள்ளது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேலும், 100 கிராம் தோடம்பழத்தில் சுமார் 50 மில்லிகிராமும் உண்டு. ஒரு கொய்யாப்பழமே ஒருவரின் ஒரு நாள் தேவையை நிறைவு செய்யும். வெப்பத்தாலும் நீரில் கரைவதாலும் சமைக்கும்போது இச்சத்தின் ஒரு பகுதி அழிகிறது. பழங்களும் காய்கறிகளும் கிடைக்காதவர்கள், உணவு உட்கொள்ள இயலாத நோயாளிகள், குடலில் உறிஞ்சுதல் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் பரிந்துரையின்படி மாத்திரை தேவைப்படலாம்.

பாலிங்கின் மரபு

பாலிங் தம் இறுதிக் காலம் வரை நாள்தோறும் பல கிராம் உயிர்ச்சத்து சி உண்டு வந்தார். 1994 ஆம் ஆண்டு ஆகத்து 19 அன்று தமது 93 ஆம் அகவையில் புற்றுநோயால் காலமானார். அவர் மனைவி ஏவா எலன் பாலிங் 1981 இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். பாலிங்கின் நீண்ட ஆயுளை ஆதரவாளர்களும், அவர் இறந்த நோயை எதிர்ப்பாளர்களும் சான்றாகக் காட்டுவதுண்டு. ஒருவரின் வாழ்வோ மரணமோ ஒரு மருந்தின் பயனை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது என்பதால் இரண்டுமே ஏற்கத்தக்க சான்றுகள் அல்ல.

அவர் தொடங்கிய நிறுவனம் 1996 இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்து, ஊட்டச்சத்துகள் பற்றிய ஆய்வைத் தொடர்கிறது. வேதியியலில் பாலிங்கின் பங்களிப்பு இன்றும் அடிப்படையாகக் கற்பிக்கப்படுகிறது. உயிர்ச்சத்து சி குறித்த அவரது கூற்றுகள், கூறியவர் யார் என்று பாராமல் சோதிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அச்சோதனையில் நிலைக்கவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

ஸ்கர்வி
உயிர்ச்சத்து
மருந்துப்போலி
லைனஸ் பாலிங்
ஜேம்ஸ் லிண்ட்
நெல்லி